நெகட்டிவ் ஸ்கேனர் வாங்கப் போறீங்களா? டிபிஐயை அப்புறம் பார்க்கலாம்

எங்கள் வகுப்பில் இந்த வருடம் மட்டும் நாலு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "வீட்ல பழைய நெகட்டிவ் நிறைய கெடக்குது மச்சான், எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" நான் படிப்பது பி.காம். ஃபிலிம் கேமரா பைத்தியம் கொஞ்சம் உண்டு என்பதால் என்னை நிபுணர் ஆக்கிவிட்டார்கள். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "7200 டிபிஐ போதுமா?"

நான் பதில் சொல்லாமல் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை படம் இருக்கிறது? ஃபிலிம் என்ன அளவு? படத்தில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிரிக்கிறார்கள். ஸ்கேனருக்கும் ஆயாவுக்கும் என்ன சம்பந்தம் என்று. என்னைக் கேட்டால் எந்த ஸ்கேனர் என்பதை முடிவு செய்ய வேண்டியதே அந்த மூன்றாவது கேள்விதான். டிபிஐ வரிசையில் கடைசியில் நிற்கட்டும்.

சரி, முதலில் அந்த டிபிஐ பூச்சாண்டியை ஒரு கை பார்த்துவிடுவோம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃப்ரேம் 24க்கு 36 மி.மீ. அதை 3600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 1.7 கோடி பிக்சல் கிடைக்கும். 7200ல் செய்தால் கிட்டத்தட்ட 7 கோடி. நிறத்துக்கு 16 பிட் வைத்து டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் 400 எம்.பி.யைத் தாண்டும். ஆயிரம் படத்துக்கு 400 ஜி.பி.க்கு மேல். சரி, ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த 7 கோடி பிக்சலில் உண்மையான விவரம் எவ்வளவு?

இதை அளக்க ஒரு அட்டை இருக்கிறது. யு.எஸ்.ஏ.எஃப். 1951 என்று பெயர். மேலிருந்து கீழே வரவர மெல்லிசாகிக்கொண்டே போகும் கோடுகள். ஸ்கேன் செய்து பார்த்து, எந்தக் கோடு வரை தனித்தனியாகத் தெரிகிறது, எங்கே எல்லாம் சேர்ந்து சாம்பலாகிவிடுகிறது என்று பார்ப்பார்கள். இப்படிச் சோதித்தவர்களின் கணக்குப்படி, 7200 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் வகை ஸ்கேனர்கள் உண்மையில் தருவது அதில் பாதி பக்கம்தான். 6400 என்று போட்டிருக்கும் எப்சன் வி600 பிளாட்பெட் தருவது 1500, 1600. 4000 என்று போட்ட நிக்கான் கூல்ஸ்கேன்தான் கிட்டத்தட்ட சொன்னதைச் செய்தது. மற்றவர்கள் சொல்வது பொய் என்று சொல்ல முடியாது. சென்சார் அத்தனை தடவை மாதிரி எடுக்கிறது என்பது நிஜம். ஆனால் எதிரில் இருக்கும் லென்ஸ் அவ்வளவு விவரத்தைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், விற்றுமுதலைக் காட்டி லாபம் என்று சொல்வது போல.

இதில் சோகம், சொன்னதைச் செய்த அந்த நிக்கான்தான் கடையை மூடிக்கொண்டு போனது. கூல்ஸ்கேன் 5000 இடி, 9000 இடி எல்லாம் 2003-04 வாக்கில் வந்தவை. 2010 வாக்கில் தயாரிப்பே நின்றுவிட்டது. மினோல்டாவின் டிமேஜ் ஸ்கேன் எலைட் 5400 என்று ஒரு அருமையான ஸ்கேனர் இருந்தது. 2006ல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலையே விட்டு வெளியேறியபோது அதுவும் போயிற்று. இன்றைக்கும் வெளிநாட்டு மன்றங்களில் கூல்ஸ்கேனைத்தான் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். 9000 இடி பழையது, புதிதாக வந்தபோது விற்ற விலையை விட அதிகமாகப் போகிறது. தேய்மானம் என்ற பாடத்தையே பொய்யாக்கும் சொத்து :-)

அதற்காக நம்மூரில் அதைத் தேடி ஓடாதீர்கள். நிக்கானின் சொந்த மென்பொருள் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுவிட்டது. வியூஸ்கேன் மாதிரி வேறு மென்பொருள் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். 9000க்கு ஃபயர்வயர் வேறு வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசும் மங்கலும் படியும். காலாப்பட்டில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, உப்புக் காற்றில் இருபது வருஷம் பழைய ஒளியியல் கருவியைப் பராமரிப்பது என்பது தனி வேண்டுதல். ரிப்பேர் செய்ய ஆளும் இல்லை, பாகமும் இல்லை.

அடுத்து ஃபிலிம் அளவு. இங்கேதான் நம் வீடுகள் அமெரிக்க வீடுகளிலிருந்து மாறுபடுகின்றன. ஸ்கேனர் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 35 மி.மீ. ஃபிலிமையே மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நம் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் 1960, 70களின் படங்கள் பாதிக்கு மேல் 120 ஃபிலிமாக இருக்கும். காரணம் அக்ஃபா கிளிக் 3. இந்தியாவிலேயே தயாரித்து விற்ற எளிய கேமரா, ஒரு ரோலுக்கு 12 படம், ஒவ்வொன்றும் 6க்கு 6 செ.மீ. சதுரம். கல்யாணம், காதுகுத்து, புது சைக்கிள் எல்லாம் அதில்தான். பிளஸ்டெக் 8100, 8200ஐ எதிலும் இந்தச் சதுர நெகட்டிவ் நுழையவே நுழையாது. வாங்கி வந்து வீட்டில் வைத்து முழித்தவர்கள் உண்டு.

புதுச்சேரியில் இன்னொரு ரகம் சேரும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா குடும்பங்கள், சைகோனில் இருந்துவிட்டு வந்தவர்கள், பாரீஸில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள். இவர்களிடம் சட்டம் போட்ட ஸ்லைடுகள் டப்பா டப்பாவாக இருக்கும். ஸ்லைடில் இருட்டான பகுதி நெகட்டிவை விட அடர்த்தி அதிகம். மலிவு ஸ்கேனரில் நிழல் எல்லாம் கரியாகிவிடும். அதில் கோடாக்ரோம் இருந்தால் இன்னொரு தொல்லை. தூசை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் தானாக அழிக்கும் வசதி ஒன்று உண்டு, டிஜிட்டல் ஐஸ் என்பார்கள். அது கோடாக்ரோமில் சரியாக வேலை செய்வதில்லை. சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிமில் சுத்தமாக வேலை செய்யாது. ஏனென்றால் கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். ஸ்கேனர் மொத்தப் படத்தையும் தூசு என்று நினைத்துக்கொள்ளும்! ஆக, ஊட்டியில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல்தான் உங்கள் வீட்டுப் பெட்டியில் நிறைய என்றால், ஐஸ் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஒரு ஊதுபலூனும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

இப்போது எங்கள் துறை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படத்துக்கு என்ன செலவு?

ஒரு வீட்டில் 35 மி.மீ. 30 ரோல் என்று வைத்துக்கொள்வோம். 1080 படம். ஸ்கேனர் 40,000 ரூபாய், வேலை முடிந்ததும் 28,000க்கு விற்கிறீர்கள். (இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், கடை விலை அல்ல.) நிகரச் செலவு 12,000. படத்துக்கு 11 ரூபாய். மலிவு! விற்காமல் அலமாரியில் வைத்துவிட்டால் படத்துக்கு 37 ரூபாய். இதுவரை எல்லோரும் போடும் கணக்கு.

விட்டுப்போவது நேரம். பிளஸ்டெக்கில் ஃபிலிம் பட்டையைக் கையால்தான் ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ள வேண்டும். தூசு தட்டி, மாட்டி, முன்னோட்டம் பார்த்து, ஸ்கேன் செய்து, பெயர் கொடுத்துச் சேமிக்க, படத்துக்கு நாலு நிமிஷம் என்பது தாராளமில்லை. 1080 படத்துக்கு 72 மணி நேரம். தினமும் கல்லூரி விட்டு வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 48 நாள். நடுவில் செமஸ்டர், இன்டர்னல், ஜுரம், கிரிக்கெட். யாரும் 48 நாள் தொடர்ந்து உட்காரப் போவதில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் ஸ்கேனர் வாங்கியவர்கள் எல்லோரும் முதல் 150, 200 படத்தை 7200 டிபிஐயில் அட்டகாசமாக ஸ்கேன் செய்துவிட்டு நின்றுபோனவர்கள். 200ல் நின்றால், ஸ்கேனரை விற்றே விட்டாலும் படத்துக்கு 60 ரூபாய். மீதி 880 படம் பெட்டியிலேயே.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் வாங்குவது டிபிஐ அல்ல, நேரம். எந்தக் கருவி உங்கள் பெட்டியை முடிக்கவிடுமோ அதுதான் நல்ல கருவி. அந்த நேரம் உங்களுடையது மட்டும் இல்லை. 1968ல் எடுத்த ஒரு குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் மூக்குத்தி போட்ட பெண் யார் என்று தெரிந்தவர் இன்றைக்கு எண்பதைத் தாண்டியிருப்பார். எங்கள் குடும்பத்திலேயே பெரிய ஆயா ஒருவருக்குத்தான் அந்தத் தலைமுறை மொத்தமும் பெயரோடு தெரியும். ஃபிலிம் இன்னும் முப்பது வருஷம் தாங்கலாம். பெயர்கள் தாங்காது.

இது சும்மா உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது என்று நினைத்தால், நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1955ல் தொடங்கியது. பஸ் பிடித்துப் போய் பீச்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறோமே, அதற்கு நடக்கிற தூரம்தான். 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார்கள். தூரக் கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து உருவாக்கிய அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் படங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம் என்ற குறிப்பு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து ஒரு நடராஜர் திருடுபோனார். 2008ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதே நடராஜரைச் சுபாஷ் கபூரின் கடையிலிருந்து சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கூடவே போலி உரிமைப் பத்திரங்கள். விருத்தாசலம் கோயில் அர்த்தநாரீஸ்வரர் சிட்னியில் இன்னொரு கலைக்கூடத்தில். இந்தச் சிலைகள் எங்கிருந்து போனவை என்று காட்ட உதவியவை இந்த நிறுவனத்தின் பழைய படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது இரண்டு சிலைகளும் திரும்பி வந்தன.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படம் அங்கே என்ன வேலை செய்தது? தெளிவாக இருந்தது, சிலையின் வடிவத்தை ஒப்பிட முடிந்தது, சரி. அதே தெளிவோடு, எந்த ஊர் என்று எழுதாத ஒரு படமாக அது இருந்திருந்தால்? அழகான ஒரு நடராஜர் படம். அவ்வளவுதான். ஊர்ப் பெயர்தான் அதைச் சாட்சி ஆக்கியது. எடுத்தவர்கள் அன்றைக்கே எழுதி வைத்தார்கள். நம் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை, இப்போது கேட்டு எழுத வேண்டும், வித்தியாசம் அதுதான்.

இதே நிறுவனம் பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களையும் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 2004ல் தொடங்கிய அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் நிதியில் நடந்த வேலை. ஜோயி ஹெட்லி என்ற மானுடவியலாளர் முன்னின்று செய்தது. அந்தத் திட்டத்தின் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: மூலம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, பிரதி மட்டும்தான் போகும். மாமா பிரான்ஸிலிருந்து வரும்போது "நான் எடுத்துட்டுப் போய் அங்க நல்ல மெஷின்ல போட்டுத் தரேன்" என்று மொத்த டப்பாவையும் வாங்கிப் போவாரே, அவருக்கு இந்த விதியைச் சொல்லலாம்.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது? "வாழ்நாளில் ஒரு தடவைதான் ஸ்கேன் செய்யப் போகிறோம், அதை உச்சத் தரத்தில் செய்துவிட வேண்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்த பிறகு நெகட்டிவ் ஆவியாகிப் போய்விடாது. ஆயிரம் படத்தில் சுவரில் மாட்டும்படியானவை இருபது தேறும். அந்த இருபதை இன்னொரு நாள், நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுத்து 4000ல் எடுத்துக்கொள்ளலாம். மீதி 980க்கு 2400 போதும். 35 மி.மீ.யில் உண்மையான 2400 கிடைத்தால் 7க்கு 11 அங்குலம் தாராளமாகப் பிரிண்ட் போடலாம். ஆல்பத்தில் அதைவிடப் பெரிதாக நாம் எப்போது போட்டோம்?

ஆனால் இரண்டு இடத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி. ஒன்று, பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால். அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஒரு பட்டை பக்கத்துப் பட்டையையும் கெடுக்கும், உடனே பிரித்து வையுங்கள். அதற்கு மறு வாய்ப்பு கிடைக்காது, எடுக்கும்போதே நன்றாக எடுத்துவிட வேண்டும். இரண்டு, தாத்தா ஸ்டூடியோ வைத்திருந்தவர் என்றால். கண்ணாடி நெகட்டிவ், பெரிய தாள் ஃபிலிம் எல்லாம் இருந்தால் இது வீட்டு வேலையே இல்லை. பிரெஞ்சு நிறுவனம் மாதிரி இடத்தில் விசாரிப்பதுதான் சரி. வெள்ளிக்காக உருக்கப்பட்ட நெகட்டிவ்களும் சினிமா ஃபிலிம்களும் நாட்டில் ஏராளம். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கடையில் கொடுத்துச் செய்வது? செய்யலாம். நான் ஒரு கடையில் நாலு ரோல் கொடுத்துப் பார்த்தேன். வேகமாகத் தந்தார்கள். ஆனால் எல்லாம் நன்றாக நசுக்கிய ஜேபெக், பட்டைகள் வரிசை மாறி ஒரே கவரில். எந்த ரோலுக்குப் பிறகு எந்த ரோல் என்பதுதான் தேதி கண்டுபிடிக்க ஒரே வழி, அது கலைந்துபோயிற்று. கொடுத்தால் ஒவ்வொரு கவரிலும் எண் போட்டு, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சரக்கு அனுப்பும் சீட்டு மாதிரி.

என் யோசனை இதுதான். ஸ்கேனர் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மொபைலில் படம் பிடியுங்கள். லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே பால் நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தூக்கி வைத்து (நேராகத் திரை மேல் வைத்தால் புள்ளிகள் தெரியும்), அதன் மேல் நெகட்டிவ் பட்டை. அறை இருட்டாக இருக்கட்டும். நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி மொபைலிலேயே கிடைக்கும். தரம் சுமார்தான், முகம் தெரியும். ஒரு பட்டைக்கு அரை நிமிஷம். அதைப் பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் பேசுவதைக் குரல் பதிவாக எடுத்துவிடுங்கள். சின்னத் திரையும் எட்டு இஞ்ச் பேட்டியும் காட்டும் "22 மெகாபிக்சல்" பெட்டி ஸ்கேனர் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: பல பெட்டிகளில் உள்ளே இருப்பதும் ஒரு சின்ன கேமரா சென்சார்தான், பிக்சல்களை ஊதிப் பெரிதாக்கி அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். அந்த வேலைக்கு உங்கள் மொபைல் இருக்கிறது.

காட்டி முடித்ததும் கால்வாசிப் படம்தான் ஸ்கேன் செய்யத் தகுந்தது என்று தெரிந்துவிடும். மீதி, யாரோ பட்டனை அழுத்திப் பார்த்த தலை இல்லாத உருவங்களும் மலம்புழா அணையும். 270 படம், 18 மணி நேரம். இப்போது ஸ்கேனர் பேசலாம்.

பெட்டியில் 120 நிறைய என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபிலிம் வசதி உள்ள எப்சன் பிளாட்பெட், பழையது நல்லதாகக் கிடைத்தால் அதுவே. வி600 உண்மையில் 1500தான் தருகிறது என்று மேலே திட்டினேன் இல்லையா, 6க்கு 6 நெகட்டிவில் அந்த 1500ஏ ஒரு கோடி பிக்சல் ஆகிவிடும். கிளிக் 3இன் ஒற்றை லென்ஸ் அதற்கு மேல் எதுவும் பதிவு செய்யவில்லை. 35 மி.மீ.யில் 12 ஃப்ரேமை ஒரே தடவையில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆல்பத்தில் நெகட்டிவ் தொலைந்துபோன பிரிண்டுகளையும் அதிலேயே போடலாம். எல்லாம் 35 மி.மீ. கலர் என்றால் பிளஸ்டெக் 8200ஐ, அதில் அகச்சிவப்பு உண்டு, 8100ல் கிடையாது. 3600க்கு மேல் வைக்காதீர்கள். ஸ்லைடு ஆயிரக்கணக்கில் என்றால் ஸ்கேனரை மறந்துவிட்டு, மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கும் நண்பனைப் பிடியுங்கள். நல்ல விளக்குப் பலகையின் மேல் வைத்துக் கேமராவால் எடுத்தால் ஒன்றுக்குச் சில விநாடிதான். கலர் நெகட்டிவ்வில் மட்டும் ஆரஞ்சு பூச்சைக் கழிக்கும் வேலை கொஞ்சம் முதுகை ஒடிக்கும்.

தனியாக வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா, அத்தை என்று நாலு வீடு சேர்ந்து ஆளுக்குப் பத்தாயிரம். வீட்டுக்கு இரண்டு மாதம் என்று முறை வைத்து, முடிந்ததும் விற்று அசலைப் பிரித்துக்கொள்ளலாம். முறை வைப்பதில் இன்னொரு வசதி, அடுத்த வீட்டுக்காரர் "எப்ப தருவீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அலமாரியில் தூங்காது. முதல் முறை, வயதான பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுக்கு.

நெகட்டிவ்களைப் பழைய பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் படத்தோடு கரைந்து வந்துவிடும். உறையின் மேல் பென்சிலால் ரோல் எண், அதே எண் கோப்பின் பெயரிலும். ஐப்பசிக்கு முன்னால் சிலிகா ஜெல்லை ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.